அட்டையில் இல்லாத இடம்

1

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில், உப்பளத்துக் காற்று முகத்தில் படுவதற்கு முன்பே பெருமுக்கல் மலை கண்ணில் பட்டுவிடும். வரலாறு எழுதுகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் அந்த மலையில் இருக்கிறது. உச்சியில் முக்தியாலீஸ்வரர் கோயில். சோழர் காலக் கல்வெட்டுகள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஹைதர் அலியும் அடித்துக்கொண்ட கோட்டை. இவற்றோடு ஒரு குகையும் இருக்கிறது. அதன் பாறையில் யாரோ எப்போதோ கீறிவைத்த கோடுகள் உள்ளன. ஆய்வாளர்கள் கோடுகளைப் பற்றி எழுதுகிறார்கள். ஊர்ப் பெண்களுக்கு அது சீதை குகை. காட்டுக்கு விரட்டப்பட்ட சீதை லவனையும் குசனையும் பெற்ற இடம்.

சின்ன வயதில் ஆயாவோடு மலை ஏறியபோது கேட்டிருக்கிறேன்: "ரெட்டப் புள்ளயாச்சே ஆயா, சீதைக்கு அப்புறம் இன்னா ஆச்சு?" ஆயா சொன்னது: "இன்னா ஆவும்? புள்ளிங்க நல்லா பொறந்துதுங்க."

நம்மிடம் இருக்கும் பேறுகால வரலாறு முழுக்க ஆயாவின் இந்தப் பதில்தான். அது பிறந்தவர்களின் வரலாறு. பெற்றவள் செத்துப்போனால் மரண விகிதத்தில் ஓர் எண்ணாக வருவாள். சாகாமல், கிழிந்த இடம் சரியாகக் கூடாமல், முப்பது நாற்பது வருஷம் உயிரோடு இருக்கிறவள் எண்ணாகக்கூட வருவதில்லை.

என் பெரியம்மா அப்படி இருந்தவள். மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய காலனியில் வாழ்க்கைப்பட்டவள். முதல் பிள்ளை வீட்டில் பிறந்தது. இரண்டு நாள் வலி. கிழிசல் ஆசனவாய் வரைக்கும் போய்விட்டது. வெந்நீரும் வேப்பிலையும்தான் வைத்தியம். மூன்றாம் மாதம் தலையில் சும்மாடு வைத்து உப்புக் கூடை தூக்கப் போய்விட்டாள். இரண்டாவது பிள்ளைக்கு முறையாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஊசி போட்டார்கள், எடை பார்த்தார்கள், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். முந்தைய பிரசவத்தில் கீழே என்ன ஆச்சு என்று ஒருத்தரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டாவது பிரசவத்தில் மிச்சமிருந்த தசையும் போயிற்று. அதன் பிறகு மலம் அவள் கட்டுப்பாட்டில் இல்லை. பஸ் ஏறமாட்டாள். கல்யாணம், காதுகுத்து என்று எதற்கும் வரமாட்டாள். "ராங்கி புடிச்சவ" என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நான் முழுகாமல் இருந்தபோது ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "வவுத்த எல்லாரும் பாப்பாங்கடி. ஒனக்குக் கீழ நல்லா இருக்குதான்னு பாக்கச் சொல்லு." அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்குகிறது.

2

முதலில் சொல் பற்றி. யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் இருக்கும் தசைமேடைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் பெரினியம். பெண்ணின் உறுப்புகள் எல்லாம் நிற்பது இந்தத் தளத்தின் மேல்தான். பிரசவத்தில் பிள்ளையின் தலை கடைசியாக அழுத்தி விரிப்பதும் இதைத்தான். இதற்கு அன்றாடத் தமிழில் பெண்கள் எடுத்துப் பேச ஒரு பெயர் கிடையாது. "கீழ", "அடி", "அந்த எடம்" என்பதுதான் வழக்கு. கருப்பை சரிந்து வெளியே வருவதை "அடி எறங்குது" என்பார்கள். பிறப்புறுப்பைக் குறிக்க இருக்கும் நேரடியான சொற்கள் எல்லாம் வசவுகளாகிவிட்டன. அவற்றை வைத்துக்கொண்டு எந்தப் பெண் டாக்டரிடம் பேச முடியும்?

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இடத்திற்குத் தமிழில் பெயரே இல்லை என்பதும் உண்மையல்ல. யோக மரபு மூலாதாரத்தை, ஆறு ஆதாரங்களில் முதலாவதை, அங்குதான் வைத்தது. சாதகனின் உடலில் குண்டலினி உறங்குகிற இடமாக அது பெயர் பெற்றது. துறவுக்குப் போகிறவனுக்குத் தேவைப்பட்டபோது சொல் கிடைத்தது. பிள்ளை பெறுகிறவளுக்குத் தேவைப்பட்டபோது "அந்த எடம்" ஆகிவிட்டது. மொழி வறுமை என்று இதைக் கடந்துபோக முடியாது. யார் உடலைப் பற்றி யார் பேசலாம் என்கிற அதிகாரம் சொற்களில் இப்படித்தான் படிந்திருக்கிறது.

வீட்டுப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி இதைப் பார்த்தாள், தொட்டாள். நம் பகுதியில் பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்கள்தான் அந்த வேலையைச் செய்தார்கள். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட ரத்தத்தையும் கழிவையும் கையாள்வதற்காகவே ஒரு சாதி வைக்கப்பட்டிருந்தது. அவள் கைக்குத் தெரிந்தது ஏட்டில் ஏறவில்லை. அவள் கைக்கு மீறிய கிழிசலைத் தைக்க வழியும் இல்லை. மருத்துவச்சியைப் புனிதமாக்கி எழுதுவது இப்போது ஒரு வழக்கமாகியிருக்கிறது. பெரியம்மாவின் முதல் கிழிசல் அவள் கையில் நடந்ததுதான் என்பதை மறைத்துவிட்டு நான் எழுத முடியாது.

3

நவீன மருத்துவம் அந்த இடத்தைப் பார்க்கத் தொடங்கிய கதை வேறு. அமெரிக்காவின் அலபாமாவில், மாண்ட்கோமரியில், ஜே. மேரியன் சிம்ஸ் என்ற வெள்ளை மருத்துவர் 1845 முதல் 1849 வரை அடிமைப் பெண்கள் மேல் அறுவை செய்து பழகினார். அனார்க்கா, பெட்ஸி, லூசி என்ற மூன்று பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. நீண்ட பிரசவ வலியில் பிள்ளையின் தலை அழுத்தி அழுத்திச் சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் நடுவில் ஓட்டை விழுந்துவிடும். மூத்திரம் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஃபிஸ்டுலா என்பார்கள். அந்த ஓட்டையை மூடும் முறையைச் சிம்ஸ் மயக்கமருந்து கொடுக்காமல் இந்தப் பெண்களிடம் செய்து செய்து கண்டுபிடித்தார். அனார்க்கா மேல் மட்டும் முப்பது தடவை அறுவை நடந்தது. 1852-இல் அவர் எழுதிய கட்டுரை அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் நின்ற அவருடைய சிலை 2018-இல்தான் அகற்றப்பட்டது. ஆனால் சிம்ஸின் ஸ்பெகுலம் இன்றும் நம் ஊர்ப் பிரசவ அறைத் தட்டுகளில் கிடக்கிறது. அந்தக் கருவி உருவானது ஓர் அடிமைப் பெண்ணின் உடலில் என்பதைச் சொல்லாமல் மகப்பேறு மருத்துவ வரலாறு எழுத முடியாது.

சென்னை மாகாணத்தில் அரசு பெண்ணின் கீழுடலைப் பார்த்த விதமும் நோயாளிக்காக அல்ல. 1868-இன் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி, பாலியல் தொழிலில் இருப்பதாகப் பதிவுசெய்யப்பட்ட பெண்கள் கட்டாயச் சோதனைக்குப் போயாக வேண்டும்; நோய் இருந்தால் 'லாக் ஹாஸ்பிடல்' என்கிற அடைப்பு ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும். வெள்ளைச் சிப்பாய்க்கு மேகநோய் வரக்கூடாது, அவ்வளவுதான் நோக்கம். 1888-இல் அந்தச் சட்டம் ரத்தானது. காலை விரிக்கச் சொல்கிற டாக்டர் என்றால் நம் பெண்களுக்கு ஏன் நடுங்குகிறது என்று கேட்பவர்கள் இந்த இருபது வருஷத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பார்வை இங்கு தண்டனையாகத்தான் அறிமுகமாயிற்று.

இதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு நிறுவனம் எழுந்தது. 1844-இல் சென்னையில் தொடங்கிய பிரசவ ஆஸ்பத்திரி, இன்றைய எழும்பூர் ஆஸ்பத்திரி, ஏற்கெனவே இருந்தது. ஆனால் ஆண் மருத்துவரிடம் வர மறுத்த பெண்கள் இருந்தார்கள். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப், 1885-இல் அவர்களுக்காக ஓர் ஆஸ்பத்திரி உருவாகக் காரணமானார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி பெயரில் இருப்பது, மக்கள் இன்னமும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்வது அதுதான். அதன் அன்றைய பெயரைத் தமிழில் சொன்னால் 'சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான ஆஸ்பத்திரி'. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. எந்தப் பெண்ணின் வெட்கம் காப்பாற்றத் தக்கது என்று அந்தப் பெயர் தீர்மானித்துவிட்டது. உப்பளத்தில் முட்டிவரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்கிறவளுக்கு வெட்கம் இருக்கிறது என்று யாரும் நினைக்கவில்லை.

கர்ப்ப காலத்திலேயே பெண்ணைக் கவனிப்பது என்பது இதற்கெல்லாம் பிந்திய யோசனை. 1901-இல் எடின்பரோவில் ஜே. டபிள்யூ. பாலண்டைன் என்பவருக்காகக் கர்ப்பிணிக்கென்று ஒரு படுக்கை ஒதுக்கப்பட்டது. அது இந்தத் துறையின் தொடக்கங்களில் ஒன்று. அவருடைய ஆராய்ச்சி கருவில் இருக்கும் சிசுவின் நோய்கள் பற்றியது. போயர் யுத்தத்திற்கு ஆள் எடுக்கப்போய், பிரிட்டிஷ் இளைஞர்களில் பலர் நோஞ்சானாக இருக்கிறார்கள் என்று பேரரசு பதறிக்கொண்டிருந்த காலம் அது. நல்ல சிப்பாய் வேண்டுமென்றால் நல்ல சிசு வேண்டும். நல்ல சிசுவுக்குத் தாயைக் கவனிக்க வேண்டும். தாய் ஒரு பாத்திரம். பாத்திரத்தில் இருப்பதுதான் முக்கியம், பாத்திரத்தின் அடி ஒழுகினால் அது வேறு கணக்கு.

சுதந்திரத்திற்குப் பிறகும் இந்தத் தர்க்கம் மாறவில்லை. 1952-இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 1965-இல் லூப் வந்தது. அரசு கிராமத்துப் பெண்ணின் கருப்பை வரை வந்துவிட்டது. ஆனால் அதை அடைப்பதற்காக வந்தது. போகிற வழியில் கிழிசலைப் பார்த்தது, நின்று கேட்கவில்லை.

4

கேட்டவர்கள் இருந்தார்கள். மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் ராணி பங், அபய் பங் இருவரும் தோழர்களோடு சேர்ந்து இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். 1989-இல் 'லான்செட்' இதழில் அது வெளியானது. அவர்களில் 92 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு பெண்பால் உறுப்பு நோய் இருந்தது. அதற்கு முன் அப்படி ஒரு பரிசோதனைக்குப் போனவர்கள் 8 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் என் பெரியம்மா இருந்தாள்.

நமக்கு இன்னும் பக்கத்தில், செங்கல்பட்டுப் பகுதியில், 1981 முதல் தலித் பெண்கள் நடத்திவரும் கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையம் இருக்கிறது. ருவ்செக் என்று சொல்வார்கள். தொடங்கியவர்களில் ஒருவரான டி. கே. சுந்தரி ரவீந்திரனும் தோழிகளும் அடி இறக்கத்தோடு வாழ்ந்த பெண்களிடம் பேசிப் பதிவுசெய்தார்கள். அது 1999-இல் வெளியாயிற்று. பிள்ளை பெற்ற உடம்பு ஆறுவதற்கு முன் வேலைக்குப் போனது, யாரிடமும் சொல்லாமல் வருஷக்கணக்கில் அடக்கிவைத்தது, கூலி போகும் என்று வைத்தியத்தைத் தள்ளிப்போட்டது எல்லாம் பெண்களின் வாயாலேயே வந்தன. இயற்கையின் கோளாறு என்று பாடப்புத்தகம் சொல்வதில் எவ்வளவு பங்கு கூலி உழைப்பின் வேலை என்பதை அந்தப் பதிவுகள் காட்டுகின்றன. 1961-இன் மகப்பேறு பயன் சட்டம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. 2017 திருத்தத்தில் அது 26 வாரமாயிற்று. அளத்துக் கூலிக்காரிக்கு எந்த முதலாளி 26 வாரம் கொடுத்தான்?

5

இங்கு எனக்கே ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. மிஷல் ஃபூக்கோ 1963-இல் மருத்துவமனையின் பிறப்பு பற்றி எழுதியதைப் படித்துவிட்டு மருத்துவப் பார்வை என்பதே அதிகாரம் என்று நாங்கள் மேடைமேடையாகப் பேசியிருக்கிறோம். மேலே நான் சொன்ன சிம்ஸும் அடைப்பு ஆஸ்பத்திரியும் அதற்குச் சாட்சி. ஆனால் பெரியம்மா என்ன சொன்னாள்? "பாக்கச் சொல்லு" என்றாள். பார்வையிலிருந்து விடுதலை அவள் கேட்கவில்லை. பார்க்கப்படாமல் போனதுதான் அவள் மேல் நடந்த வன்முறை. அனார்க்காவைக் கேட்காமல் பார்த்தார்கள். பெரியம்மாவைக் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. இரண்டிலும் விடுபட்டது ஒன்றுதான்: அவளிடம் ஒரு கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன செய்திருக்க முடியும்? நிறையச் செய்யலாம். எழுத்தாளர்களும் இயக்கத்துக்காரர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

ஆசனவாய்த் தசை வரை முன்பு கிழிந்தவளை அடுத்த கர்ப்பத்தில் முன்கூட்டியே பரிசோதித்து, தசை எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்து, பிரசவம் கீழ்வழியா சிசேரியனா என்பதை அவளோடு பேசி முடிவெடுக்கலாம். மலம் நிற்காத நிலை ஏற்கெனவே இருந்தால் சிசேரியன் ஒரு நியாயமான வழி. ஃபிஸ்டுலா தைத்தவளுக்கு அடுத்த பிரசவம் சிசேரியனாக இருப்பதே நல்லது. இல்லாவிட்டால் தைத்தது பிரிந்துவிடலாம். அடி இறங்கியவளுக்குக் கர்ப்ப காலத்தில் வளையம் வைத்துத் தாங்கலாம், பாரம் தூக்காமல் ஓய்வு தரலாம். அவர்களில் பெரும்பாலோர் கீழ்வழியாகவே பெறமுடியும். அந்த இடத்தில் நரம்பு சுருண்டு வீங்கியிருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் பலர். பெரும்பாலும் பிரசவத்திற்குப் பிறகு அது தானாக வடிந்துவிடும் என்று சொன்னாலே பாதி பாரம் குறையும். மரு இருந்தால் கர்ப்பத்தில் போடக்கூடாத மருந்து எது என்று பார்த்து வைத்தியம் செய்ய வேண்டும். சோமாலியா, சூடான் போன்ற நாடுகளில் சிறுவயதிலேயே அறுத்துத் தைத்துவிடப்பட்ட பெண்களுக்குக் கர்ப்ப காலத்திலேயே தையலைத் திறந்துவிடும் முறை இருக்கிறது. முதல் பிரசவக்காரி கடைசி வாரங்களில் அந்தத் தசையைத் தானே எண்ணெய் தடவி நீவிவிட்டால் கிழிசல் குறைகிறது. தலை வெளிவரும் நேரத்தில் வெந்நீர்த் துணி ஒற்றினால் பெருங்கிழிசல் குறைகிறது. இதற்கெல்லாம் பெரிய யந்திரம் எதுவும் வேண்டாம்.

மாறாக நடந்தது என்ன? கத்தரி. 1742-இல் டப்ளினைச் சேர்ந்த ஃபீல்டிங் ஓல்ட் தலை சிக்கிய அவசரத்தில் செய்யச் சொன்ன வெட்டை, 1920-இல் அமெரிக்க மருத்துவர் ஜோசப் டிலீ எல்லா முதல் பிரசவத்திற்குமான தடுப்பு நடவடிக்கையாக முன்வைத்தார். பெண்ணுடல் இயல்பிலேயே கிழியப் பிறந்தது, எனவே நாமே வெட்டிவிடலாம் என்பது அதன் உட்கருத்து. அது உலகமெங்கும் பழக்கமாயிற்று. தேவையில்லாமல் எல்லோருக்கும் வெட்டாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 1996-இலும் 2018-இலும் சொன்னது. ஆனால் "முதல் பிரசவமா? தையல் இருக்கும்" என்று சொல்லாத வார்டு நம் ஊரில் எத்தனை?

6

தமிழ்நாடு செய்திருப்பதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்று 1927-இல் சட்டசபைக்குப் போன முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில், 1987-இல் 300 ரூபாயோடு தொடங்கிய மகப்பேறு உதவி, 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் 18,000 ரூபாய் என்று வளர்ந்தது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. பெரியம்மாவின் முதல் பிரசவம் போல இரண்டு நாள் வீட்டில் கிடப்பது இன்று அரிது. இது சின்ன விஷயமல்ல. ராத்திரியில் ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு வரும் கிராம சுகாதாரச் செவிலியரின் உழைப்பு அதில் இருக்கிறது.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்: 44.9 சதவீதம் சிசேரியன். கத்தி கீழேயிருந்து மேலே ஏறியிருக்கிறது. கீழே என்ன இருக்கிறது என்று பார்த்து, யோசித்து, அவளோடு பேசி மேலே ஏறியிருந்தால் சரி. என் ஊர்ப் பக்கம் நான் பார்த்த கர்ப்பிணிகளின் அட்டைகளில் எடை, ரத்த அழுத்தம், ரத்தச்சத்து, சர்க்கரை, கருப்பையின் உயரம், சிசுவின் இதயத் துடிப்பு எல்லாம் இருக்கின்றன. முந்தைய பிரசவத்தில் சிசேரியனா என்று இருக்கிறது. கிழிந்ததா, எதுவரை கிழிந்தது என்பதற்குக் கட்டம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாததால் கேட்கப்படாமல் இருந்தது போய், ஆஸ்பத்திரிக்குப் போயும் கேட்கப்படாமல் இருப்பது என்ற இடத்திற்கு வந்திருக்கிறோம்.

எனவே கோரிக்கை மிகவும் சிறியது. அட்டையில் ஒரு கட்டம். திரை போட்ட ஒரு மூலை. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை. அப்புறம் நாலு கேள்வி. மருத்துவத் தமிழில் வேண்டாம். மரக்காணத்துத் தமிழில் இருக்கட்டும். பெரியம்மா போன பிறகு, அளத்துப் பெண்களோடு உட்கார்ந்து எழுதியது இது. வரப்பில் உட்கார்ந்து சோறு சாப்பிடும் நேரத்தில் பேசிப் பேசித் திருத்தினோம். 'பிறப்புறுப்பு' என்று நான் எழுதியிருந்ததை ஒரு அக்கா அடிக்கச் சொன்னார்: "அது யாருக்குத் தெரியும்? கீழன்னு போடு, எல்லாருக்கும் தெரியும்."

"போன பிரசவத்துல கீழ கிழிஞ்சுதாம்மா? தையல் போட்டாங்களா, நல்லா ஆறுச்சா?"

"மூத்திரமோ வெளிக்கியோ அடக்க முடியாமப் போவுதா?"

"இருமுனா, கூட தூக்குனா, அடியில எதுனா எறங்குற மாதிரி இருக்குதா?"

"அந்த எடத்துல வலி, புண்ணு, வீக்கம் எதுனா இருக்குதா? நான் பாக்கட்டுமா?"